பிள்ளைகளின் பெயரால் ஆறு மாதம்

நீலப் பெட்டியையும் குளிர்ச்சட்டையையும் சனிக்கிழமை காலை நோபல் பார்க் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து தரச் சொல்லியிருக்கிறாய். மெல்பேர்னின் மறு கோடி பொயிண்ட் குக்கிலிருந்து ரயிலில் வருவாயாம், பிளாட்பாரத்தில் நின்றபடியே பெட்டியை வாங்குவாயாம், திரும்பிப் போகிற ரயிலில் ஏறிவிடுவாயாம். ஸ்டேஷன் வாசலைத் தாண்டி வீட்டுக்கு வர நேரமில்லையாம். வேலைக்கு மியூனிக் போக ஒரு நாள் முழுக்க ஆகாயத்தில் உட்கார்ந்திருக்க நேரமுள்ள பிள்ளைக்கு, பெற்றவர்கள் இருக்கிற வீட்டுக்கு நடக்க நேரமில்லை. செருப்பால் அடிப்பேன் என்று வாய் வரை வந்தது. இந்த வீட்டில் போதுமான அடி விழுந்துவிட்டதால் விழுங்கிக்கொண்டேன். மூன்று வருடமாக நீ இந்தப் படியேறவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு, கொப்பருக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீ வாசித்த பிறகு நம் ஆட்கள் வாசிக்கிற பத்திரிகைக்கும் இதைக் கொடுப்பேன். உன் பெயரும் மருந்தின் பெயரும் அதில் இராது. மூடி வைத்துத்தான் நாங்கள் இந்த நிலைக்கு வந்தோம், இனியாவது திறந்து கிடக்கட்டும்.

உன் அப்பா அடிக்கிற மனிதராக என்னைக் கல்யாணம் செய்யவில்லை. கோழி உரிக்கவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர். போரில் ஷெல் துண்டு தலைக்குள் தங்கிய பிறகு வலிப்பு வரத் தொடங்கியது, அதோடுதான் இங்கே வந்து சேர்ந்தோம். மெல்பேர்ன் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வலிப்பை நிறுத்தியது. நிறுத்திய கையோடு வேறொன்றைக் கொண்டுவந்தது. கோபம் என்று சொன்னால் அது மிகச் சின்னச் சொல். தேத்தண்ணி ஆறிவிட்டது என்பதற்காகக் கேத்தலை என் முகத்துக்கு நேரே எறிந்தார். நீ ஓட்டிப் பழகிய பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கண்ணாடியைத் தலையாலேயே உடைத்தார். இங்கத்தைய வீட்டுச் சுவர் வெறும் அட்டை, குத்தினால் கை முழங்கை வரை உள்ளே போகும். ஓட்டை விழுந்த இடமெல்லாம் நான் கோயில் கலண்டர் தொங்கவிட்டேன். ஹோலில் ஒன்று, நடையில் இரண்டு, குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார். வந்த அன்ரிமார் எல்லாரும் "நல்ல பக்தியான வீடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடி ஓய்ந்ததும் அவர் அந்தக் கலண்டர்களுக்குக் கீழே உட்கார்ந்து அழுவார், நான் அள்ளிக் கூட்டுவேன்.

நாங்கள் எல்லோரும் அதற்கு ஒரே காரணம்தான் வைத்திருந்தோம். போர் கண்ட மனிசன். அங்கிள்மார் சொன்னார்கள், ஐயர் சொன்னார், கவுன்சிலிங்கில் இருந்த பிள்ளையும் சொன்னது. எங்கள் ஆண்கள் யார் தட்டை எறிந்தாலும் நாங்கள் முள்ளிவாய்க்காலைப் பார்த்துக் கையைக் காட்டுகிறவர்கள். மாத்திரைக்கு முந்தியும் இப்படி இருந்தாரா, பிந்தித்தான் வந்ததா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்கு எங்களோடு நீதான் மொழிபெயர்க்க வருவாய், பன்னிரண்டாம் வகுப்புச் சீருடையோடு. "மனநிலையில் ஏதும் மாற்றம் உண்டா, வீட்டில் சண்டை உண்டா?" என்று டாக்டர் ஒவ்வொரு தரமும் கேட்பார். நான் உன் தொடையில் கிள்ளுவேன். விசா தற்காலிகமானது, அடிக்கிறார் என்று எழுதினால் அவரை அனுப்பிவிடுவார்கள், உன்னை எங்காவது கொண்டுபோய் வைப்பார்கள் என்ற பயம். நீ டாக்டரைப் பார்த்துச் சிரித்தபடி "நோ, ஹி இஸ் ஃபைன்" என்பாய். ஃபைன் என்றால் மாத்திரை ஒத்துக்கொள்கிறது என்று அர்த்தம், டாக்டர் அளவைக் கூட்டுவார். கூடிய அளவு வீட்டுக்கு வந்து எங்களை அடிக்கும். இந்த ஊரில் தாயோ தகப்பனோ பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிற வீடு இன்னும் எத்தனையோ இருக்கும். அவர்கள் வாசிப்பதற்காகத்தான் இந்தப் பத்தி.

யுனிவர்சிட்டிக்குப் போன பிறகு நீ என் கிள்ளலுக்குப் பயப்படவில்லை. என்னை வெளியே கதிரையில் இருத்திவிட்டுத் தனியே உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாய். திரும்பி வந்தபோது உன் முகம் வெளிறியிருந்தது. "அம்மா, போர் இல்லை. மாத்திரை. கொஞ்சப் பேருக்கு இப்பிடிச் செய்யுமாம்." எனக்கு அந்த நிமிடம் யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது, ஆனால் யாரை என்று தெரியவில்லை. டாக்டர் வேறொரு பழைய மாத்திரை கொடுத்துப் பார்த்தார். வலிப்பு திரும்பி வந்து, வேலை செய்த டண்டினோங் தொழிற்சாலையில் பெல்ட் ஓடுகிற இடத்தில் விழுந்து மயிரிழையில் தப்பினார். அதனால் மீண்டும் அந்த அடிக்கிற மாத்திரைக்கே வந்தோம். அதே குடும்பத்தில் புதிதாக ஒன்று இருக்கிறது, அது இந்த வெறியைப் பெரும்பாலும் தராது என்றார் டாக்டர். ஆனால் அரசாங்கம் விலையைத் தாங்குகிற பட்டியலில் அது அப்போது ஏறியிருக்கவில்லை. அதை முழு விலைக்கு வாங்குகிற குடும்பம் நாங்கள் இல்லை. ஒரே கம்பனிதான் செய்கிறது, காப்புரிமை முடிந்தால் மற்றவர்களும் செய்வார்கள், விலை விழும் என்று நீ சொன்னாய். எப்போது முடியும் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனவன்தான் நீ, அதற்குள்ளேயே குடியேறிவிட்டாய்.

மற்றத் தாய்மார் கந்த சஷ்டி எப்போது, தேர் எப்போது என்று பார்ப்பார்கள். நான் ஐரோப்பாவில் எந்த நாட்டில் ஒரு மாத்திரையின் காப்புரிமை எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் உன் அத்தை, டென்மார்க்கில் சித்தப்பா, பிரான்சில் என் மச்சாள். நம் சனம் சிதறிய சிதறலுக்கு அந்த ஒரு பிரயோசனம் இருந்தது. இங்கத்தைய டாக்டரின் கடிதத்தைக் காட்டி அங்கத்தைய டாக்டரிடம் மருந்தை எழுதி வாங்கித் தபாலில் அனுப்பலாம் என்று விசாரித்து வைத்திருந்தாய். குசினி மேசையில் என்னை இருத்தி வைத்துப் பாடம் நடத்தினாய். விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது வருடம் காப்புரிமை. பரிசோதித்து அனுமதி வாங்குவதற்குள் அதில் பாதி போய்விடும் என்பதால், போன காலத்துக்கு ஈடாக மேலதிகச் சான்றிதழ் ஒன்று, கூடிப்போனால் ஐந்து வருடம். அதை ஐரோப்பாவுக்கு மொத்தமாகக் கொடுப்பதில்லை, நாடு நாடாகப் போய் வாங்க வேண்டும். அதனால் ஒரே மாத்திரை ஒரு நாட்டில் விடுபட்டிருக்கும், எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் பூட்டியிருக்கும். இதற்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டு. பரிசோதனை முடிவுகளை எட்டு வருடத்துக்கு வேறு ஆள் எடுத்துக் காட்டக் கூடாது, பிறகும் இரண்டு வருடம் கடைக்கு வரக் கூடாது. இராவணனுக்குத் தலை முளைத்த மாதிரி ஒன்று வெட்ட ஒன்று வந்தது. கடைசியில் அத்தையின் நாட்டில்தான் முதலில் முடிகிறது என்று கண்டுபிடித்தாய். குடும்ப வாட்ஸப்பில் அத்தை, தன் நாடு கல்யாணத்தில் முதல் பந்தி பிடித்த மாதிரிப் பெருமைப்பட்டாள். நான் அந்த மாதத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு, விழுகிற அடியை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம் வந்தது, மாத்திரை வரவில்லை. அத்தை மருந்துக்கடையில் கேட்டுவிட்டுப் போன் எடுத்தாள். "மச்சாள், இன்னும் ஆறு மாசமாம். சின்னப் பிள்ளையளிலயும் சோதிச்சபடியா கம்பனிக்குப் பரிசு மாதிரிக் குடுத்திருக்காம்." நீ கம்ப்யூட்டரில் தேடிவிட்டு ஓம் என்று தலையாட்டினாய். குழந்தைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று பரிசோதித்துக் காட்டினால் சான்றிதழோடு ஆறு மாதம் சேரும், அதை நீ கவனிக்காமல் விட்டுவிட்டாய். நான் கத்தினேன். எந்தப் பிள்ளை, யார் பெற்ற பிள்ளை, என் பிள்ளை இந்த வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கிறானே என்று கத்தினேன். நீ கம்ப்யூட்டரை மூடிவிட்டு அறைக்குள் போனாய். பதில் உன்னிடம் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அந்த ஆறு மாதத்துக்குள்தான் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவருடைய வேலைச் சப்பாத்தை நான் வாசலிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன், அவ்வளவுதான். மணிக்கட்டில் பிடித்து இழுத்துப் போய் லாண்டரிக் கதவு நிலையில் என் கையை வைத்துக் கதவை அறைந்தார். ஒரு தரம் அல்ல. முருங்கைக்காய் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அது என் எலும்பு என்று எனக்கு உடனே விளங்கவில்லை. நீ அறையிலிருந்து ஓடி வந்து அவரைப் பிடரியில் பிடித்து இழுத்தாய். முதல் குத்தில் முன்பல் போனது. இரண்டாவதில் விழுந்தார். விழுந்தவரை நீ விடவில்லை. கதிரையைத் தூக்கித் தோளில் அடித்தாய், இரத்தம் குசினி நிலத்தில் வழுக்கியது, அதில் கால் வைத்து நின்றுகொண்டு மறுபடி தூக்கினாய், இம்முறை தலைக்கு. ஷெல் துண்டு இருக்கிற தலை. எனக்குப் பிடிக்க ஒரு கைதான் இருந்தது, அது போதவில்லை, அதனால் உன் தோளைக் கடித்தேன். வாயில் உன் இரத்தம் உப்பாக வரும்வரை கடித்தேன். அப்போதுதான் அவருக்கு வலிப்பு வந்தது. நீ கதிரையைப் போட்டுவிட்டு, முழங்காலில் நின்று அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாய், சட்டையைக் கழற்றித் தலைக்குக் கீழே வைத்தாய், தொண்டைக்குள் இரத்தம் போகாமல் விரலால் வாயைத் துடைத்தாய். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம் ஆட்கள் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். பெண்களை அடி தாங்கவைக்க அதைவிட வசதியான பழமொழி கிடையாது, எனக்கு அதைக் கேட்டாலே எரியும். ஆனால் அன்று உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்புலன்ஸ் வரும்வரை.

கண் திறந்தபோது அவருக்கு அந்த நாளே ஞாபகத்தில் இல்லை. வலிப்பு வந்து கதிரையில் விழுந்து பல் உடைந்தது, பிடிக்கப் போய் நான் கையை முறித்துக்கொண்டேன் என்று சொன்னேன். நம்பினார். நீ அன்றே பையைத் தூக்கிக்கொண்டு பொயிண்ட் குக்குக்குப் போனாய். ஆறு மாதம் முடிந்து அத்தையின் பார்சல் வந்தது. மூன்றாம் கிழமை அவர் குசினியில் வந்து நின்று, "இஞ்சேரும், வெங்காயம் வெட்டித் தரட்டே?" என்று கேட்டார். எனக்குக் கத்தியை அவர் கையில் கொடுக்கப் பயமாக இருந்தது, கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி அழுதேன். பிறகு இங்கேயும் அந்த மாத்திரை பட்டியலில் ஏறிவிட்டது. கோழி உரிக்கத் தெரியாத மனிதர் திரும்பி வந்துவிட்டார், நீதான் வரவில்லை. நோயாளித் தகப்பன் என்றால் உனக்கு வெட்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நீ போன் எடுக்கிறபோது மட்டும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருப்பார்.

போன மாதம் வேலை கிடைத்த செய்தி சொன்னாய். மியூனிக்கில் சட்டக் கம்பனி, ஐரோப்பா முழுக்க எந்த மருந்து எந்த நாட்டில் எப்போது முடியும் என்று பார்க்கிற வேலை. நான் பூரித்துப்போய், அப்படியானால் மற்றவர்கள் கெதியாகச் செய்ய உதவுவாய் என்றேன். "இல்லையம்மா. நாங்கள் மருந்து கண்டுபிடிச்ச கம்பனியளின்ர பக்கம். சான்றிதழ் எடுக்கிறது, நீட்டுறது, முந்தி வாறவையைக் கோர்ட்டில மறிக்கிறது." போனைச் சிங்கில் எறிந்தேன். கண்ணாடி சிலந்தி வலையாக உடைந்தது. இந்த வீட்டில் எறிகிறவர் இப்போது நான்தான். என் கை முறிந்த ஆறு மாதத்தை உலகமெல்லாம் விற்கப் போகிறான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். கொப்பர் எட்டிப் பார்த்துவிட்டு, இனி உமக்குத்தான் மாத்திரை எழுதவேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கோபம் ஆறுமுன் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஒரு பெண் பக்கத்தில் வந்து இருந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, மடியில் தலைக்கவசம் போட்ட சின்ன மகள். பேச்சுக் கொடுத்தபோது பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் காட்டினாள். கொப்பரின் மாத்திரைதான், சிரப்பாக. "முன்னாடி வேற மாத்திரை ஆன்ட்டி. பெரியவங்களுக்குச் செஞ்சது. கத்தியால உடைச்சு, பொடி பண்ணிக் குடுப்போம், ஒரு நாள் அளவு கூடிப்போச்சு, பாப்பாவுக்கு மூச்சே நின்னுடுச்சு. நான் வாயை வச்சு ஊதி ஊதித்தான் திரும்ப வந்தா. இதுல எடைக்கு இவ்வளவுன்னு டாக்டருக்குத் தெரியும். குழந்தைங்ககிட்ட டெஸ்ட் பண்ணிருக்காங்களாம்." உடைந்த போனிலேயே உன்னைக் கூப்பிட்டேன். அந்த ஆறு மாதம் இதற்காகவா என்று கேட்டேன். "ஓம் அம்மா. அப்பவே தெரியும். நீங்கள் அடி வாங்கிக்கொண்டிருக்கேக்க, பிறகு கை முறிஞ்சு கிடக்கேக்க அதை எப்பிடிச் சொல்லுறது?" என்றாய். அந்தக் குழந்தை என் சேலைத் தலைப்பைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அந்த ஆறு மாதம் தேவையில்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது. என் கைக்கு அது ஈடு என்றும் சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் காறித் துப்புவேன். இரண்டும் அப்படியே கிடக்கட்டும், உன் வேலை இரண்டுக்கும் நடுவில்தான் என்று மட்டும் விளங்கியது.

அதனால் போ. தடுக்கவில்லை. கண்டுபிடிக்கிறவன் இல்லாவிட்டால் முடிவதற்குக் காப்புரிமையும் இல்லை, கொப்பருக்கு மாத்திரையும் இல்லை. ஆனால் ஒன்று கேள். உழைத்துப் பரிசோதித்து வாங்குகிற காலத்துக்காக நீ எந்தக் கோர்ட்டிலும் நில், எனக்குச் சம்மதம். மாத்திரையின் மேற்பூச்சை மாற்றிவிட்டு, இரண்டு நேரத்தை ஒரு நேரமாக்கிவிட்டு, புதிது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் இழுக்கப் பார்ப்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தக் கடதாசி உன் மேசைக்கு வரும்போது லாண்டரிக் கதவை நினை. ஒவ்வொரு மாதமும் எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பாள். உரிமையில்லாத ஒரு நாளைக்கூட நீட்ட உன் கை போகக் கூடாது. வேலை போனால் வா, இங்கே சோறு இருக்கிறது. இன்னொன்று, இதையும் உன் பாஷையிலேயே சொல்கிறேன். உலகத்து மருந்துக்கெல்லாம் முடிவு நாள் தெரிந்த உனக்கு, உன் கோபத்துக்கு மட்டும் சான்றிதழ் மேல் சான்றிதழ் வாங்கித் தருவது யார்? அவரில் உனக்குக் கோபமில்லை என்று எனக்குத் தெரியும். நீ மறுபடி தூக்கிய அந்தக் கதிரைதான் உன்னை மறிக்கிறது. நான் கடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நீயும் நினைக்கிறாய், நானும் நினைக்கிறேன்.

போன ஞாயிறு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். கதவு, பல், கதிரை, உன் தோள், ஒன்றையும் விடவில்லை. கத்தியை வைத்துவிட்டு, "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார். நீட்டினேன். செதில் ஒட்டிய விரலால் அந்த எலும்பு கோணலாகப் பொருந்திய இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய்க் கலண்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிள்ளையாரையும் கழற்றிவிட்டு, ஓட்டைக்குள் தன் கையை மடக்கி வைத்து அளவு பார்த்தார். சரியாக இருந்தது. பொழுதுபடும்வரை கராஜில் இருந்தார், நான் கூப்பிடவில்லை. உள்ளே வந்ததும் சொன்னது இதுதான்: "அவன் அண்டைக்கு அடிச்சபடியாத்தான் நீர் இருக்கிறீர். நான் கொலைகாரனாகாமல் அவன் காப்பாற்றினவன். அவனைக் கொலைகாரனாக்காமல் நீர் காப்பாற்றினனீர். நான் ஒருத்தன்தான் ஒண்டும் செய்யேல்லை."

பெட்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொன்னாய். கோணல் கையால் அவ்வளவு கனத்தை என்னால் இழுக்க முடியாது. இழுக்கக் கூடியவர் ஒருவர்தான் இந்த வீட்டில் இருக்கிறார். வலிப்பு உள்ளதால் கார் ஓட்ட அவருக்கு அனுமதி இல்லை, அதனால் நடந்தே வருவார். நீலப் பெட்டி, குளிர்ச்சட்டை, ஒரு டப்பாவில் நண்டுக் கறி, எல்லாம் அவரிடம் இருக்கும். உன்னைக் கண்டதும் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். உடைந்த பல் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "அடிச்சா வாங்குவன், எனக்கு இன்னும் பல்லுக் கிடக்கு. ஓடினா நானும் ரயில்ல ஏறுவன்." டிக்கெட் அட்டையில் காசு போட்டு வைத்துவிட்டார்.